எதிரணி வந்தால்தான் ஆட்டம்

சென்ற இதழில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கு இடையே ஆண்டுதோறும் நடந்துவந்த கால்பந்துப் போட்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோவதைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டு உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், பார்த்ததையும் படித்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கும் ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்கும் கால்பந்தில் தீராத போட்டி. சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்ட ஆட்டம் என்றால் இரண்டு ஊராரும் டிராக்டர் பிடித்துப் பார்க்க வருவார்கள். இந்த ஆண்டு அந்தப் பள்ளி அணியே அனுப்பவில்லை. எங்கள் பையன்களுக்கு ஆடாமலே வெற்றி கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வம் போய்விட்டதா? செல்போன்தான் காரணமா?
— வாசகர், மாரண்டஹள்ளி

செல்போனின் மீது பழியைப் போடுவது எளிது. ஆனால் நான் பார்த்தவரை ஆர்வம் குறையவில்லை, பிள்ளைகளின் எண்ணிக்கைதான் குறைந்துவிட்டது.

நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்குப் பரம்பரை எதிரணி என்று சொல்லத்தக்க பள்ளி ஒன்று, ஓர் ஆண்டு குறுவட்டப் போட்டிக்கு ஒன்பதே பேரோடு வந்து இறங்கியது. கோல் காவலுக்கு நின்றவன் எட்டாம் வகுப்புப் பையன். கையுறை அவனுக்குப் பெரிதாக இருந்ததால் இரண்டு மணிக்கட்டிலும் சணல் கயிற்றைச் சுற்றி, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தான். ஒன்பது பேரும் கடைசி விசில் வரை ஓடினார்கள், பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள். அடுத்த ஆண்டு ஏழு பேர் வந்தார்கள். கால்பந்து விதிப்படி ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. அந்த ஏழு பேரில் ஒருவனுக்கு இடைவேளைக்குச் சற்று முன் கணுக்கால் பிசகியதும், நடுவர் இரண்டு பக்கத்து ஆசிரியர்களையும் அழைத்துப் பேசி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அதற்கடுத்த ஆண்டு அவர்கள் வரவே இல்லை. எங்கள் பிள்ளைகள் சுண்ணாம்புக் கோடு புதிதாகப் போட்டிருந்த மைதானத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். ஆடாமல் வென்ற அந்த ஆண்டுதான், குறுவட்டத்துக்கு மேலான வருவாய் மாவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே நாங்கள் வெளியேறினோம். ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் நம்மைத் தோற்கடிக்க ஒருவன் தினமும் மாலையில் பயிற்சி எடுக்கிறான் என்ற நினைப்பு இல்லாத அணி அப்படித்தான் ஆடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆறு முதல் பத்து வரை தொண்ணூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். எஞ்சிய நாற்பத்தைந்து பையன்களில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இருப்பவர்கள் இருபத்தேழு பேர். இவர்களில் உடல்நலம் இடம்கொடுக்காதவர்கள், மாலையில் ஆடு ஓட்டப் போகிறவர்கள், கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டியவர்கள், பொதுத் தேர்வைக் காட்டி வீட்டில் தடுக்கப்படுகிறவர்கள் ஆகியோரைக் கழித்துவிட்டுப் பதினொரு பேரையும் மாற்று ஆட்டக்காரர்களையும் எங்கிருந்து எடுப்பது?

எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். மக்கள்தொகை இருந்த நிலையில் நிற்பதற்கே 2.1 வேண்டும். பிறக்கும் பிள்ளைகளிலும் பலர் காலை ஏழரை மணிக்கு மஞ்சள் வேனில் ஏறி ஆங்கில வழிப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 விழுக்காடு இடங்களும், அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை ஊர்ப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நம் பகுதியில் இவற்றோடு பிழைப்புக்காக இடம்பெயர்வதும் சேர்ந்துகொள்கிறது. மழை பொய்த்த ஆண்டில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் போகும் பெற்றோர், பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு போகிறார்கள். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நடுநிலைப் பள்ளிகள் பல உயர்நிலைப் பள்ளிகளாகத் தரம் உயர்த்தப்பட்டதால், முன்பு ஒரே பள்ளிக்கு வந்த பத்துப் பதினைந்து கிராமத்துப் பிள்ளைகள் இன்று இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றிருக்கக்கூடிய எத்தனையோ பெண்கள் அதனால்தான் பத்தாம் வகுப்பைத் தொட்டார்கள் என்பதால், அதை நான் ஒருபோதும் குறையாகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் போய் ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் எத்தனை பெயர்கள் இருக்கின்றனவோ, ஒன்பது ஆண்டு கழித்துப் பத்தாம் வகுப்பிலும் ஏறக்குறைய அத்தனை பேர்தான் இருப்பார்கள். இன்று அடுத்த ஊருக்கு நேர்ந்தது உங்கள் ஊருக்கு எப்போது நேரும் என்பதை அந்தப் பதிவேடு இப்போதே சொல்லிவிடும்.

என் மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கால்பந்து நன்றாக ஆடுவாள். பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதால் டிசி வாங்கித் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி, அரூர்

அம்மா, டிசி வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள்.

முதலாவது, சேர்க்க நினைக்கும் விடுதிப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்களை மாலையில் மைதானத்துக்கு விடுகிறார்களா என்று அங்கே படிக்கும் ஒரு பெண்ணின் தாயிடம் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் மைதானத்தின் படத்தைத்தான் காட்டுவார்கள். நம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பலவற்றில் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. விளையாட்டுப் பாடவேளை கால அட்டவணையில் மட்டும் இருக்கும் பள்ளியில் உங்கள் மகள் பந்தைத் தொட மாட்டாள்.

இரண்டாவது, அரசுப் பள்ளியை விட்டால் எதையெல்லாம் இழக்க நேரும் என்பது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் வெளியேறும் பெண் இந்த இரண்டையும் விட்டுவிட்டுத்தான் போகிறாள்.

உங்கள் பள்ளியில் பெண்கள் அணி சேரவே இல்லை என்றால், ஐந்து பத்து கிலோமீட்டருக்குள் உடற்கல்வி ஆசிரியரும் பெண்கள் அணியும் உள்ள வேறோர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுங்கள். அதற்கு இலவசப் பேருந்துப் பயண அட்டை உண்டு. ஆனால் முதலில் உங்கள் மகளின் தலைமையாசிரியரிடம் போய், "என் மகள் ஆட வேண்டும், அதற்கு இங்கே வழி உண்டா?" என்று கேளுங்கள். பெற்றோர் வந்து மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பது வழக்கம். விளையாட்டைப் பற்றி ஒரு தாய் வந்து கேட்டால் அந்தப் பள்ளியில் அது பல நாள் பேச்சாக இருக்கும்.

என் மகன் அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் வேலை பார்க்கிறான். அங்கே வெள்ளிக்கிழமை இரவு உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து ஆட்டத்துக்கு ஊரே கூடுகிறதாம். அங்கும் கிராமப் பள்ளிகள் சுருங்குகின்றனவா? அவர்கள் என்ன செய்கிறார்கள்?
— வாசகர், ஓசூர்

அங்கே கால்பந்து என்பது நம் ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும் மோதித் தடுப்பதுமான ஆட்டம் அது. அதிலும் ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர்தான். பக்கத்து ஊர்ப் பகை அங்கே நூறாண்டைத் தாண்டியது. ஒகையோ மாநிலத்தில் மாசிலான், கேன்டன் என்ற இரண்டு நகரங்களின் பள்ளிகள் முதலில் மோதியது 1894-இல். இன்றும் அந்த ஆட்டத்துக்கு அந்த வட்டாரமே திரள்கிறது.

சுருங்கிய கதையும் அங்கே நீண்டது. 1939–40-இல் அந்த நாட்டில் 1,17,000-க்கு மேற்பட்ட பள்ளி நிர்வாக வட்டாரங்கள் இருந்தன. ஒன்றோடொன்று இணைத்து இணைத்து இன்று 13,000-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. இணைக்கப்பட்ட பள்ளி எந்த ஊரில் இருக்கும், எந்த ஊர் அணியின் பெயரும் நிறமும் நிலைக்கும் என்பதில் ஊர்களுக்குள் எழுந்த மனத்தாங்கல் சில இடங்களில் தலைமுறைக்கும் தீராமல் இருந்திருக்கிறது.

ஆனால் நாம் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்றை அவர்கள் செய்தார்கள். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், நெப்ராஸ்கா மாநிலத்தின் சிறு பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த ஸ்டீபன் எப்ளர் என்பவர், பதினொரு பேரைச் சேர்க்க முடியாத பள்ளிகளுக்காக ஆறு பேர் ஆடும் ஆட்டத்தை வகுத்தார். மைதானத்தை நூறு கெஜ நீளத்திலிருந்து எண்பதாகவும், அகலத்தை நாற்பதாகவும் குறைத்தார். 1934 செப்டம்பரில் ஹெப்ரான் என்ற ஊரில் முதல் ஆட்டம் நடந்தது. இரண்டு பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்த ஓர் அணி, வேறு இரண்டு பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்த இன்னோர் அணியை எதிர்த்து ஆடியது. 19–19 என்று சமனில் முடிந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் இன்றும் மிகச் சிறிய பள்ளிகளுக்கென ஆறு பேர் ஆட்டத்தில் தனியாக மாநில அளவிலான போட்டியே நடக்கிறது. பிள்ளைகள் குறைந்தபோது ஆட்டத்தை நிறுத்தாமல் ஆட்டத்தின் அளவைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் மகன் அந்த ஊர் ஆட்டத்துக்குப் போனால், எதிரணி எத்தனை மைல் தள்ளியிருந்து வந்தது என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள். பக்கத்துப் பள்ளிகள் மூடப்படும்போது எதிரணி தொலைவிலிருந்து வரத் தொடங்கும், பார்க்க வரும் கூட்டமும் அத்தோடு குறையும்.

நான் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை மொத்தம் 62 பிள்ளைகள். கால்பந்து அணி கட்ட முடியவில்லை. கபடியோடு நிறுத்திக்கொள்ளலாமா?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

தம்பி, உங்கள் நிலை எனக்குப் புரிகிறது. 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரில் உடற்கல்வி, ஓவியம், தையல் ஆசிரியர்கள்தாம் பெரும்பாலும் இருந்தார்கள். நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டே மைதானத்தையும் விடாமல் காத்துவருகிறவர்களை நான் மதிக்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதாவது பிள்ளைகள் குறையும்போது முதலில் விசில் ஊதும் ஆள் போகிறார், அவர் போனதும் அணி போகிறது, அணி இல்லாத பள்ளியை அடுத்த ஆண்டுச் சேர்க்கையில் இன்னும் பத்து வீடுகள் தவிர்க்கின்றன. ஆசிரியரை உபரி என்று கணக்கிட்டு வேறு பள்ளிக்கு மாற்றும் பணி நிரவலைச் செய்யும்போது இந்தச் சங்கிலியை யாரும் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கபடியை விடாதீர்கள். களத்தில் ஏழு பேர் போதும், பந்தோ காலணியோ வேண்டாம். கைப்பந்துக்கு ஆறு பேர் போதும். ஆனால் கால்பந்தையும் விட வேண்டாம் என்றே சொல்வேன். ஐவர் கால்பந்தை ஆட வையுங்கள். 1930-இல் உருகுவே நாட்டின் மோன்டெவிடியோ நகரில், ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய ஆசிரியர் ஹுவான் கார்லோஸ் செரியானி, இருக்கும் சிறிய இடத்துக்குள் பிள்ளைகளை ஆட வைக்க உருவாக்கிய ஃபுட்சால் ஆட்டம்தான் அது. கோல் காவலரோடு சேர்த்து ஐந்து பேர். களம் நீளத்தில் நாற்பது, அகலத்தில் இருபது மீட்டர். கோல் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். இரண்டு தைல மரக் கம்பையும் மேலே ஒரு கயிற்றையும் வைத்து அரை நாளில் கட்டிவிடலாம். பந்து நான்காம் எண், அதிகம் எகிறாதது. புதிது வாங்க முடியாவிட்டால் பழைய பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பத்துப் பேரும் ஆடிவிடுவார்கள். சிறிய களத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அடிக்கடி கிடைக்கும் என்பது இன்னொரு லாபம்.

அடுத்ததாக, உங்களைப் போலவே அணி சேர்க்க முடியாமல் இருக்கும் பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு பேசுங்கள். குறுவட்டப் போட்டிக்கு இரண்டு பள்ளியும் சேர்ந்து ஓர் அணி அனுப்ப முடியாது. தகுதிப் படிவத்தில் ஒரே பள்ளியின் தலைமையாசிரியர் கையொப்பம்தான் செல்லும். ஆனால் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை இரண்டு பள்ளியும் ஐவர் ஆட்டம் ஆடுவதற்கு, தலைமையாசிரியர்களின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் போதும். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை கோல் என்பதை ஒரு நோட்டில் எழுதி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் படிக்கச் சொல்லுங்கள். "போன மாதம் 4–3 தோற்றோம்" என்ற ஒரு வரி போதும், அடுத்த சனிக்கிழமை எவனும் விடுப்பு எடுக்க மாட்டான்.

நாற்பது ஐம்பது பிள்ளைகளோடு நான்கு பள்ளிகளை நடத்துவதைவிட, நான்கையும் இணைத்து நல்ல மைதானமும் போதிய ஆசிரியர்களும் உள்ள ஒரே பெரிய பள்ளியாக்குவதுதானே அறிவுடைமை? பழம்பெருமைக்காகப் பள்ளிகளைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமா?
— வாசகர், கிருஷ்ணகிரி

நியாயமான கேள்வி. இதற்கு ஒரே பதில் எல்லாப் பள்ளிக்கும் பொருந்தாது.

சமவெளியில், நல்ல சாலையும் நேரத்துக்குப் பேருந்தும் உள்ள இடத்தில், ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளை இணைத்தால் பிள்ளைகளுக்கு நன்மை கிடைக்கலாம், அறிவியல் கூடமும் அணியும் வரலாம். ஆனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காட்டோரப் பாதைகளில் யானை நடமாட்டம் உண்டு. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய பள்ளி அத்தோடு முடிந்தது. அங்கே மூன்று கிலோமீட்டரைக் கூட்டினால் முதலில் பள்ளியிலிருந்து நிற்பது பெண் பிள்ளைகள்தாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசியில் நின்றது தருமபுரி மாவட்டம், 68.5 விழுக்காடு. அந்த நிலையிலிருந்து மேலே வந்துகொண்டிருக்கும் மாவட்டத்தில் பள்ளியைத் தூரமாக்குவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும். மூடிக் கிடந்த தொடக்கப் பள்ளிகளைத் திறந்ததும், பள்ளி இல்லாத ஊர்களில் புதிதாகத் தொடங்கியதும்தான் காமராசர் ஆட்சியின் பெருமை. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்று பின்னாளில் கல்வி உரிமைச் சட்ட விதிகள் சொன்னதும் அதே எண்ணத்தில்தான்.

2019-இல் ஒரு பிள்ளைகூடச் சேராத 46 அரசுப் பள்ளிகளை நூலகங்களாக்க அரசு முடிவெடுத்தது நினைவிருக்கும். பூட்டிக் கிடப்பதைவிட நூலகம் மேல். ஆனால் உயர்நிலைப் பள்ளியின் மைதானத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல ஊர்களில் ஊருக்கென்று இருக்கும் ஒரே திறந்தவெளி அதுதான். விடுமுறை நாளில் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஆடுவதும், காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுவதும் அங்கேதான். பள்ளி போனால் இரண்டே ஆண்டில் ஒரு மூலையில் புளி காயும், இன்னொரு மூலையில் ஜல்லி கொட்டப்பட்டிருக்கும். இணைப்பைப் பரிந்துரைக்கும் கோப்பில், மைதானம் ஊரின் விளையாட்டுத் திடலாகவே நீடிக்கும் என்ற ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவும் கிராம சபையும் கேட்க வேண்டும்.

பழம்பெருமை என்று நீங்கள் சொல்வதை நான் அப்படிப் பார்க்கவில்லை. நான்கு பள்ளியும் ஒன்றானால் ஆட்டக்காரர்கள் நாற்பது பேர் கிடைப்பார்கள், ஆனால் அணியில் இடம் பதினொன்றுதான். நான்கு பள்ளியாக இருந்து ஐவர் ஆட்டம் ஆடினால் மாற்று ஆட்டக்காரர்களோடு சேர்த்து நாற்பது பேரும் ஆடுவார்கள். எனக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நாங்கள் பத்துப் பேர் ஒரே பள்ளியில் படித்தவர்கள். எங்கள் எதிரணிப் பள்ளியின் பழைய மாணவர்களும் இங்கே இருக்கிறார்கள். இரண்டு பள்ளிப் பழைய மாணவர்களும் பொங்கல் விடுமுறையில் ஊரில் ஓர் ஆட்டம் ஆடலாம் என்று நினைக்கிறோம். உருப்படியாக என்ன செய்யலாம்?
— வாசகர், போச்சம்பள்ளி

கட்டாயம் ஆடுங்கள். ஆனால் ஆட்டத்தை உங்கள் பள்ளி மைதானத்தில் வைக்காதீர்கள். பிள்ளைகள் அதிகமாகக் குறைந்திருக்கும் எதிரணிப் பள்ளியின் மைதானத்தில் வையுங்கள். முள் வெட்டவும் மேடு பள்ளம் நிரவவும் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். உங்கள் ஆட்டத்துக்கு முன், இரண்டு பள்ளிகளிலும் இப்போது படிக்கும் பிள்ளைகளை ஐவர் ஆட்டம் ஆட விடுங்கள், பெண்களுக்கும் ஓர் ஆட்டம் வையுங்கள். வசூலாகும் பணத்தில் கோப்பை வாங்க வேண்டாம். இரண்டு பள்ளிக்கும் சமமாகப் பந்து, வலை, காற்றடிக்கும் பம்பு வாங்கிக் கொடுங்கள். பெரிய தொகை சேர்ந்தால் 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாகக் கொடுத்தால் கணக்கு தெளிவாக இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. உங்களில் ஊரோடு தொடர்பு விடாத ஒருவர் அதில் சேரட்டும். எதிரணிப் பள்ளியின் குழுவிலும் அவர்களில் ஒருவரைச் சேரச் சொல்லுங்கள்.

தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள். சுண்ணாம்புத் தூளும் கயிறும் கொண்டு முந்தின நாள் மாலையே வந்துவிடுகிறேன், கோடு நான் போட்டுத் தருகிறேன்.